ரயிலில் போய்ப் பார்க்கும் செட்டிநாடு: திருமயம் கோட்டை முதல் ஆத்தங்குடி வரை

செட்டிநாட்டுக்கு ரயிலில் போய்ச் சேருவது எளிது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் வாசலில் நிற்பதுதான் கடினம். கோட்டைக்கு ஒரு நேரம், குடைவரைக் கோயிலுக்கு ஒரு நேரம், வீடுகளுக்கு இன்னொரு நேரம். ரயில் அட்டவணையை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால், உச்சி வெயிலில் திருமயம் பாறை மேலும், மாலை ஆறு மணிக்குக் கானாடுகாத்தானில் பூட்டிய கதவுக்கு முன்னும் நிற்க வேண்டிவரும். முதலில் வாசல்களின் நேரத்தை எழுதி வையுங்கள். ரயிலை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பெயரில் கோட்டை இருக்கிறதே என்று தேவகோட்டைக்கும் கோட்டையூருக்கும் கோட்டை தேடிப் போகாதீர்கள். செட்டிநாட்டுப் பயணத்தில் மதிலும் கொத்தளமுமாக நின்று பார்க்கக்கூடிய கோட்டை திருமயத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவை நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய வீடுகள். தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம் உள்ள அந்த வீடுகளை 'அரண்மனை' என்று சொல்வது வழக்கம். ஆனால் கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு ராஜா அரண்மனையைத் தவிர, அநேகமாக எல்லாமே குடும்பங்கள் வாழ்ந்த, இன்றும் பங்காளிகளுக்குப் பொதுவான வீடுகள். இது மனதில் இருந்தால் வாசலில் எப்படிப் பேச வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும்.

எந்த நிலையம் எதற்கு

திருச்சியிலிருந்து மானாமதுரை, ராமேஸ்வரம் போகும் பாதைதான் செட்டிநாட்டின் முதுகெலும்பு. வடக்கிலிருந்து தெற்காகப் புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, காரைக்குடி சந்திப்பு, தேவகோட்டை ரோடு, கல்லல், சிவகங்கை, மானாமதுரை என்று முக்கிய நிலையங்கள் வரும். காரைக்குடியிலிருந்து இன்னொரு பாதை கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூருக்குப் பிரிகிறது.

கோட்டைக்குத் திருமயம் நிலையம். அங்கிருந்து கோட்டை நடந்து போகும் தூரம்தான், ஆனால் வெயில் ஏறிவிட்டால் ஆட்டோ பிடிப்பது நல்லது. கானாடுகாத்தான் வீடுகளுக்குச் செட்டிநாடு நிலையம். 'செட்டிநாடு' என்பது ஒரு வட்டாரத்தின் பெயர் மட்டுமல்ல, கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ரயில் நிலையத்தின் பெயரும்கூட. 'செட்டிநாடு' என்று முன்பதிவு செய்துவிட்டு, இறங்கினால் காரைக்குடி ஊர் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. காரைக்குடி அதற்கு அடுத்து, பதினைந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் இருக்கிறது. காரைக்குடியின் குறியீடு கே.கே.டி.ஐ., புதுக்கோட்டைக்குப் பி.டி.கே.டி. எல்லா விரைவு ரயிலும் திருமயத்திலும் செட்டிநாட்டிலும் நிற்காது. நிற்கும் ரயிலும் ஒரு நிமிடம்தான் நிற்கும். அதனால் பதிவு செய்யும் முன் அந்த ரயில் எண்ணின் நிறுத்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

தேவகோட்டையில் வேறு ஒரு சிக்கல். தேவகோட்டை ரோடு நிலையத்தை உள்ளூரில் 'தேவகோட்டை ரஸ்தா' என்பார்கள். அது தேவகோட்டை ஊரில் இல்லை, காரைக்குடிப் பக்கம் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் ஊருக்குப் போக மறுபடி பேருந்து தேட வேண்டும். தேவகோட்டைத் தெருக்களைப் பார்க்க நினைத்தால் காரைக்குடியில் இறங்கிப் பேருந்தில் போவதே சரி.

எந்த ரயில், எப்போது பதிவு

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரான ரயில் பல்லவன். பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி இரவு பத்து மணியை ஒட்டிக் காரைக்குடியில் முடிகிறது. கடைசி நிலையமே காரைக்குடி என்பதால் இறங்கத் தவறுவோமோ என்ற பயம் இல்லை. சேது விரைவு ரயிலும் போட் மெயிலும் ராமேஸ்வரம் போகிறவை. செங்கோட்டை போகும் சிலம்பு விரைவு ரயிலும் காரைக்குடி வழிதான், ஆனால் அது தினமும் ஓடாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில், திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்கு வருகிறது. டெல்டா மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இரவு ரயில்களில் இரண்டு தவறு நடக்கும். முதலாவது, தூங்கிப்போய் மானாமதுரையில் விழிப்பது. புதுக்கோட்டையை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பினால் காரைக்குடிக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். எழுந்து பையை எடுத்து, செருப்பைத் தேடி, கதவருகே வர அந்த நேரம் போதும். கைபேசி அலாரத்தைப் புதுக்கோட்டை நேரத்துக்கு வையுங்கள், காரைக்குடி நேரத்துக்கு வைக்காதீர்கள். இரண்டாவது தவறு தேதி. நள்ளிரவுக்குப் பிறகு காரைக்குடியில் இறங்கும் ரயிலில் வந்தால், விடுதி அறையை முந்தைய நாள் தேதிக்குத்தான் பதிவு செய்ய வேண்டும். பத்தாம் தேதி மாலை ஏறிப் பதினொன்றாம் தேதி இரவு ஒரு மணிக்கு இறங்குகிறவர் பதினொன்றாம் தேதிக்கு அறை போட்டால், அறை நண்பகலுக்குத்தான் கிடைக்கும்.

முன்பதிவு 60 நாள் முன்பாகத் திறக்கிறது. பொங்கல், தீபாவளி, கல்யாண மாதங்களான தை, ஆவணி ஆகியவற்றில் இந்த ரயில்கள் வேகமாக நிரம்பும், ஏனென்றால் வெளியூரில் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் அந்த நாட்களில்தான் ஊர் திரும்புகின்றன. தட்கல், ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அன்று காலை இணைக்க உட்காராதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பயணம் மிகப் பொருத்தமாக அமைகிறது. காலையில் திருச்சியில் கிளம்பி ராமேஸ்வரம் போகும் பகல் ரயிலைப் பிடித்தால், வெயில் ஏறும் முன் திருமயம் பக்கம் வந்துவிடலாம். கோயம்புத்தூர், சேலம், ஈரோடு பக்கத்தவர்கள் முந்தைய இரவே திருச்சிக்கு வந்து தங்கி இந்த ரயிலைப் பிடிக்கலாம். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலைச் சொல்ல மாட்டோம். மானாமதுரை வழியாகச் சுற்றி, அங்கே அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதைவிட, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பேருந்தில் வந்து, காரைக்குடியிலிருந்து ரயில் பகுதியைத் தொடங்குவது நல்லது.

இடையில் உள்ள சின்னச் சின்னப் பயணங்களுக்கு முன்பதிவில்லாச் சீட்டு போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாதாரணப் பயணி ரயில் சீட்டு விரைவு ரயிலில் செல்லாது. பார்க்கப் பாசஞ்சர் போல ஒவ்வொரு ஊரிலும் நின்று போகும் ரயில்கூட, பெயரளவில் எக்ஸ்பிரஸாக இருக்கலாம். கவுண்டரில் ஊர் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த ரயிலில் ஏறப் போகிறோம் என்பதையும் சொல்லிச் சீட்டு வாங்குங்கள்.

பையை எங்கே வைப்பது

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். திருமயம், செட்டிநாடு போன்ற சின்ன நிலையங்களில் பையை வைத்துவிட்டுப் போகும் வசதியை நம்பி வராதீர்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு கோட்டைப் பாறையில் ஏற முடியாது. முதுகில் மாட்டும் ஒரே பை என்றால் திருமயத்தில் நேராக இறங்குங்கள். பெட்டி இருந்தால் முதலில் காரைக்குடி போய் அறையில் போட்டுவிட்டு, பேருந்தில் திருமயத்துக்குத் திரும்பி வாருங்கள். புதுக்கோட்டை–காரைக்குடிப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. புறவழிச் சாலையிலேயே போய்விடும் வண்டியும் இருக்கும். ஏறும்போதே "திருமயம் ஊருக்குள்ள போகுமாண்ணே?" என்று நடத்துநரைக் கேட்டுவிடுங்கள்.

தங்குவதற்குக் காரைக்குடி, கானாடுகாத்தான் இரண்டில் ஒன்று. காரைக்குடியில் எல்லா விலையிலும் விடுதி உண்டு, இரவு எந்த நேரமும் ஆட்டோ உண்டு. ரயில் நிலையம் ஊர் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால், பல்லவனில் வருகிறவர்கள் விடுதியிலேயே ஆட்டோவுக்குச் சொல்லி வைப்பது நல்லது. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், திருமயம் அருகே உள்ள கடியாபட்டி ஆகிய ஊர்களில் பழைய வீடுகளே விடுதிகளாக நடக்கின்றன. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. செலவு அதிகம்தான். ஆனால் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. அங்கே தங்காமல் மதியச் சாப்பாடு மட்டும் வேண்டும் என்றாலும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் இலை கிடைக்காது.

முதல் நாள் காலை: திருமயம்

ஊரின் பழைய பெயர் திருமெய்யம். கோட்டை 1687-இல் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் கட்டப்பட்டது. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள், இன்று நான்கு சுற்றுதான் எஞ்சியிருக்கிறது. வட்டாரத்தில் ஊமையன் கோட்டை என்றும் பெயர், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக. சுதந்திரப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுதான்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. காலை 9 மணியை ஒட்டித் திறந்து மாலை ஐந்தரைக்குள் மூடிவிடுவார்கள். வாசலில் நுழைவுச் சீட்டு, கைபேசியில் ஸ்கேன் செய்தும் வாங்கலாம். சிக்னல் நம்மைக் கைவிடும் நாளும் உண்டு, அதனால் சில்லறை வைத்திருங்கள்.

ஏறும் வழியில் முதலில் படி, பிறகு வெட்டவெளிப் பாறை. பாதி உயரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சின்ன அறை ஒன்றில் லிங்கம் இருக்கிறது. அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஏணி செங்குத்து. வேட்டி, சேலையோடு ஏறுகிறவர்கள் முதலில் ஒருவரை மேலே அனுப்பிவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குவதே பாதுகாப்பு. முகத்தை வெளியே திருப்பி இறங்க முயன்றால்தான் கால் வழுக்கும். உச்சியில் பழைய பீரங்கி ஒன்றும், பாறைக் குழியில் தேங்கிய சுனையும் உண்டு. உச்சியில் நின்றால் சுற்றிலும் கண்மாய்களும் பனையும் பொட்டலுமாக நாடு விரிந்து தெரியும். இந்த மண்ணில் தண்ணீர் எவ்வளவு அருமை என்பதும், வீட்டுக் கூரையில் விழும் மழையையும் வீணாக்காமல் ஏன் கட்டினார்கள் என்பதும் அங்கேதான் புரியும்.

பாறை, பத்தரை மணிக்கே சுடத் தொடங்கும். காலணி போடலாம், ஆனால் வழுக்காத அடிப்பகுதி வேண்டும். மழை பெய்த மறுநாள் பாசி படிந்த சரிவைத் தவிர்த்துப் படியிலேயே ஏறுங்கள். மேலே நிழல் இல்லை, கடை இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிவிடுங்கள். ஏறி இறங்கி நின்று பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும்.

கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். இதே பாறையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. ஒன்று சத்தியகிரீஸ்வரர், மற்றது 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயிலில் பாறையிலேயே வெட்டிய பள்ளிகொண்ட திருமேனியை அவசரமில்லாமல் பாருங்கள். ஆதிசேஷன் நச்சுத் தீயை உமிழ, மது, கைடபர் ஓரத்தில் ஓடுகிறார்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுத்தால்தான் அந்த ஓட்டம் தெரியும். உள்ளே போனதும் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் தலைமாட்டை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிவன் குடைவரையில் 'பரிவாதினி' என்ற வீணையின் பெயர் உள்ள பழைய இசைக் கல்வெட்டின் எச்சம் இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள்.

இரண்டு கோயிலும் மதியம் நடை சாத்தி, மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் ஒன்பது மணிக்குக் கோட்டை, பத்தரைக்குக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தால், கோயில் முடித்து மேலே ஏறும்போது பாறை கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

முதல் நாள் மதியம்: கானாடுகாத்தான்

பன்னிரண்டு மணிக்கு வீடுகளுக்குப் போவது வெயிலிலிருந்து தப்பிக்க மட்டுமல்ல. வளவின் திறந்த முற்றத்தில் வெளிச்சம் நேராக இறங்கும் நேரம் அதுதான். தூண்களின் நிழல் குட்டையாகி, தரையின் நிறங்கள் முழுதாகத் தெரியும். மாலையில் உள்ளே இருட்டு சேர்ந்துவிடும், ஒரு பல்பு வெளிச்சத்தில் மேற்கூரை தெரியாது.

திருமயத்திலிருந்து ரயில் அந்த நேரத்துக்கு அமையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் காரைக்குடி சாலையில் வந்து கானாடுகாத்தானில் இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் செட்டிநாடு நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே ஆட்டோ வரிசையாக நிற்காது. தங்கும் இடத்திலிருந்து வரச் சொல்லுங்கள், அல்லது நடக்கத் தயாராக இருங்கள்.

ராஜா அரண்மனை 1912-இல் எழுந்தது. கட்டியவர் அண்ணாமலைச் செட்டியார். பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவரே. இது தனியார் குடும்பச் சொத்து, உள்ளே போக முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வெளியிலிருந்து முகப்பைப் பாருங்கள், முன்னால் இருக்கும் ஊருணியின் எதிர்க்கரைப் பக்கம் போய் நின்றால் அதன் அகலம் கண்ணில் அடங்கும். உள்ளே பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும் வேறு வீடுகள் அதே ஊரில் உண்டு. கட்டணம் ஐம்பது, நூறு ரூபாய் அளவில் இருக்கும். காவலுக்கு இருப்பவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார், இரண்டு, இரண்டரைக்குத்தான் வருவார். பூட்டைப் பார்த்து ஏமாந்து கிளம்பிவிடாமல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். பெரிய வயதுப் பெண்மணி என்றால் 'ஆச்சி', ஆண் என்றால் 'அண்ணே' அல்லது 'ஐயா'. "ஆச்சி, வீட்டைப் பாக்கலாமா? சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டால் பதில் கிடைக்காத தெரு செட்டிநாட்டில் இல்லை.

வீடுகள் ஏன் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றன? ஒரு வீடு ஒரே ஆளுக்குச் சொந்தமில்லை. கட்டியவரின் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு இணையும் ஒரு 'புள்ளி'. ஒரே வீட்டில் பல புள்ளிக்குப் பங்கு இருக்கும், அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வரும்போது வீடு நிறையும். அந்த நாளில் கதவு அகலத் திறந்திருக்கும், ஆனால் அது நமக்காகத் திறந்தது அல்ல. விசேஷ வீட்டில் கேட்காமல் நுழைவது கூடாது.

வீட்டைப் பார்ப்பது எப்படி

நுழைந்ததும் கைபேசியை எடுக்காமல், முதல் நிலைக்கு முன்னால் நடுவாக நில்லுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நிலைக்கு நேர் நிலையாகக் கதவுகள் வரிசையில் நிற்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால், கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் தெரிகிற இடத்தில் நின்றால்தான் வீட்டின் நீளம் உறைக்கும். காற்றும் அந்த நேர்கோட்டில்தான் வருகிறது, உள்ளே மின்விசிறி இல்லாமலே குளிர்ந்திருப்பது அதனால்.

இரண்டாவது, நிலைக்கதவு. பர்மா தேக்கில் குடைந்த வேலைப்பாட்டில் நடுவில் பெரும்பாலும் திருமகள் இருப்பாள். மேல் சட்டத்திலிருந்து கீழ் நோக்கிப் பாருங்கள், கொடியும் கிளியும் யாளியும் ஒவ்வொரு அடுக்காக வரும். திண்ணைத் தூண்கள், கூரைப் பலகைகள் எல்லாமே தேக்கு. பர்மாவில் வட்டித் தொழில் செய்த குடும்பங்கள் அங்கிருந்து கப்பலில் கொண்டு வந்தவை. முகப்பில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் ஜப்பானிய ஓடு, பெல்ஜியக் கண்ணாடி. உள்ளே போகப் போக வெளிநாடு குறைந்து ஆத்தங்குடித் தரையும் கருங்கல்லும் அம்மியும் ஆட்டுக்கல்லும் வரும். விருந்தினர் பார்க்கும் இடத்துக்கு ஒரு செலவு, பெண்கள் புழங்கும் கட்டுக்கு வேறு கணக்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முகப்பை மட்டும் படம் எடுத்துத் திரும்புவது பாதி வீட்டைப் பார்ப்பதுதான்.

மூன்றாவது, சுவர். சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள், கண்ணாடி போல எதிர்த் தூண் அதில் தெரியும். கையை வைக்காதீர்கள். வியர்வைக் கை நூறு பேர் வைத்தால் அந்த மெருகு மங்கும், அதைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு.

நான்காவது, முற்றம். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் கொட்டும். தண்ணீர் எங்கே இறங்கி எங்கே போகிறது என்று ஓரக் கால்வாயைத் தேடிப் பாருங்கள். திருமயம் உச்சியிலிருந்து பார்த்த பொட்டல் நிலத்துக்கு இந்த முற்றம்தான் பதில்.

செருப்பை வாசலிலேயே விடுங்கள். சாமி அறையையும், முன்னோருக்குப் படைக்கும் இடத்தையும் படம் எடுக்க வேண்டாம். மாடிக்குப் போகக் கேட்டு, வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பலகை உளுத்திருக்கும், விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் காவலர். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் இடம்பெற்றன. அது பெருமைதான், ஆனால் உளுத்த உத்தரத்தை மாற்றும் செலவு இன்றும் அந்தக் குடும்பங்களின் தலையில்தான். கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

இரண்டாம் நாள்: ஆத்தங்குடியும் காரைக்குடியும்

ஆத்தங்குடிக்கு ரயில் இல்லை. காரைக்குடியிலிருந்து ஆட்டோவோ காரோ அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், பேருந்தும் உண்டு, ஆனால் இடைவெளி நீளம். பேசும்போது ஊர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள். 'பார்த்துக் கொடுங்க' என்பதில் முடியும் பேச்சு, திரும்பி வரும்போது சண்டையில் முடியும்.

காலையில் முதலில் பிள்ளையார்பட்டி. குடைவரைப் பிள்ளையார், நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. எட்டு மணிக்குள் தரிசனம் முடித்தால் கூட்டத்துக்கு முன் வெளியே வந்துவிடலாம். சதுர்த்தி நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பிறகு ஆத்தங்குடி. பெரிய வீடு ஒன்று கட்டணத்துக்குத் திறந்திருக்கிறது. அதைப் பார்த்த கையோடு தரைக்கல் பட்டறைக்குப் போங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் வீட்டில் காலடியில் பார்த்த நிறம் எப்படி வந்தது என்பது பட்டறையில்தான் தெரியும். கண்ணாடித் தகடு ஒன்றைக் கீழே வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவில் தகரத்தால் ஆன அச்சு இறங்குகிறது. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமெண்டில் கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஒரு அறை, மஞ்சள் ஒரு அறை, பச்சை ஒரு அறை. அச்சை மேலே தூக்கும் அந்த ஒரு நொடிதான் வேலையின் உயிர். கை ஆடாமல் நேராகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. சாய்ந்தால் இதழ் கலங்கிப்போகும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை அழுத்திச் சமப்படுத்துகிறார்கள். உலர்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். இயந்திர மெருகு கிடையாது, கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. சூளையும் இல்லை, சுடுவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டு நேரமும் வேலை நடக்காது என்றே வைத்துத் திட்டமிடுங்கள். பத்தரை முதல் பன்னிரண்டரை நல்ல நேரம். கல் வாங்க ஆசை வந்தால் ஒன்றிரண்டு போதும். அதற்கு மேல் என்றால் பட்டறையிலிருந்தே லாரியில் அனுப்பச் சொல்லுங்கள். சிமெண்ட் கல் கனம், ரயில் பெட்டியில் இருக்கைக்குக் கீழே தள்ளினால் மூலை உடையும்.

பிற்பகல் காரைக்குடி. ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டியது. அதையும் தெருவிலிருந்து பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பழைய அச்சுப் படங்கள், நிலைக்கதவின் துண்டுகள் கிடைக்கும். இங்கே வாங்குவது குறித்து எங்களுக்கு இரண்டு மனம் உண்டு. அந்த நிலை, இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. நேற்று பார்த்த வீட்டின் தங்கை அது. பாத்திரம் வாங்கலாம், நிலையை அதன் வீட்டிலேயே பார்ப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் உடன் இருந்தால் சொல்லிவிடுங்கள்: நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. துணிக்குக் கண்டாங்கிச் சேலை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ரயிலில் சுமக்க ஏற்றதும் அதுதான்.

மூன்றாம் நாள் இருந்தால்

அதே பாதையில் தெற்கே சிவகங்கை. ராணி வேலு நாச்சியார் ஆண்ட ஊர். கௌரி விலாசம் அரண்மனை ஊர் நடுவில் இருக்கிறது. உள்ளே முழுவதும் பார்க்க முடியும் என்று எண்ணாமல் போங்கள். இன்னும் தெற்கே ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம். திருமயம் கோட்டை யாருடைய ஆட்சியில் எழுந்ததோ, அந்தச் சேதுபதிகளின் அரண்மனை. சுவர் முழுக்க ஓவியங்கள். முதல் நாள் ஏறிய கோட்டையையும் இந்த மண்டபத்தையும் இணைப்பது ஒரே ரயில் பாதை. இந்தப் பயணத்தைச் சாலையில் போகாமல் ரயிலில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காரைக்குடியில் காலை ரயிலில் ஏறினால் இதற்கு முழு நாள் ஒதுக்குங்கள், அரை நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

மாதம்: மார்கழி, தை, மாசி. பங்குனி முதல் ஆடி வரை பாறையும் தெருவும் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவு அழகு, கோட்டை வழுக்கும்.

திரும்பும் பல்லவன் காரைக்குடியிலிருந்து காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். கானாடுகாத்தானில் தங்கியிருப்பவர்கள் அந்த ரயிலுக்காக நான்கு மணிக்கே எழ வேண்டும், அந்த நேரத்தில் தெருவில் வண்டி கிடைக்காது. கடைசி இரவை மட்டும் காரைக்குடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் முதல் நாள் மாலையே நேரத்தைச் சொல்லி, எண்ணை வாங்கி, இரவு படுக்கும் முன் ஒரு தடவை கூப்பிட்டு நினைவூட்டுங்கள். காலைப் பலகாரம் அந்த நேரத்தில் எங்கும் கிடைக்காது. இரவே வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ கட்டி வாங்கிக்கொண்டால், ரயில் திருமயத்தைத் தாண்டும்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். கோட்டைப் பாறை எந்தப் பக்கம் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.